சூடு ஆறாத கொட்டை

ஜூன் 2, ஞாயிறு

முதல் பக்கத்திலேயே பொய் எழுதக் கூடாது என்பதால் உண்மையை எழுதிவிடுகிறேன். ஏழு வருஷமாக நான் காலை ஐந்தரை மணிக்கு வெறும் மிக்ஸியை ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

உள்ளே ஒன்றும் இருக்காது. காற்றுதான் அரைபடும். அண்ணனுக்குக் காபிக்கொட்டையை அன்றன்றைக்கு அரைத்துப் போட வேண்டும். ஒரு நாள் எனக்குக் காய்ச்சல். முந்தின நாள் அரைத்ததில் மிச்சம் இருந்தது. மிக்ஸி சத்தம் கேட்காவிட்டால் எழுந்து வந்துவிடுவாரே என்று வெறும் ஜாரை ஒரு சுற்று விட்டுவிட்டு, பழைய பொடியில் டிகாஷன் இறக்கினேன். குடித்துவிட்டு, "இன்னைக்குத்தான் தவமணி காப்பி காப்பியா இருக்கு" என்றார். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு வாரத்துக்கு அரைப்பது. மற்ற ஆறு நாளும் காற்று.

வீட்டுக்கு யார் வந்தாலும் அண்ணன், "எந்தங்கச்சி அன்னன்னைக்கு அரைச்சாத்தான் விடுவா" என்பார். நான் தலையைக் குனிந்துகொண்டு டம்ளரை ஆற்றுவேன். கூச்சம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

இதை எழுத வைத்தவன் என் மருமகன் அருள்குமரன். அண்ணன் மகன். கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் வேலை. இரண்டு நாள் லீவில் போடிக்கு வந்தவன் அடுக்களைக்குள் நுழைந்து, அடுப்புக்கு மேல் தட்டில் இருந்த என் பொடி பாட்டிலைத் திறந்து மூக்கில் வைத்தான்.

"அத்த, இது என்னைக்கு வறுத்தது?"

"எனக்கென்ன தெரியும். நானா அதுக்குப் பிரசவம் பாத்தேன்?"

"சிரிக்காத அத்த. வறுத்து பதினஞ்சு இருவது நாளுக்குள்ள குடிச்சிரணும். மாசக்கணக்குல போச்சுன்னா வெறும் கரிதான். அரைச்சிட்டா அதுவும் தாங்காது. வெளிச்சம், காத்து, சூடு, ஈரம், நாலும் ஆகாது. இதக் கொண்டுபோயி அடுப்புக்கு மேல வச்சிருக்க."

"எனக்கும் அந்த நாலும் ஆகாதுடா. ரெண்டு பேரும் ஒரே ராசி போல."

போகும்போது இந்த டைரியைக் கொடுத்தான். கம்பெனியில் கொடுத்ததாம், மூன்று வருஷம் பழசு. தேதி சரியாக இருக்கிறது, கிழமைதான் தப்பு. அடித்துவிட்டு எழுதிக்கொள்கிறேன். வறுத்த தேதி, அரைத்த தேதி, எங்கே வைக்கிறேன், எப்படிப் போடுகிறேன், எல்லாம் எழுதச் சொல்லியிருக்கிறான். நான் படித்தது ஐந்தாவது. ஆறாவது வாத்தியாருக்கு என்னைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

"அத்த எழுதுறதப் பத்திரமா வாங்கி வைங்கம்மா" என்று மதினியிடமும் சொல்லிவிட்டுப் போனான். என் எழுத்துக்கு அப்படி ஒரு மரியாதை.

ஜூன் 3, திங்கள்

வறுத்தது: தெரியாது. அரைத்தது: நேற்று. மிக்ஸி: ஓடியது. உள்ளே: ஒன்றுமில்லை.

ஜூன் 9, ஞாயிறு

சிக்கந்தர் ராவுத்தர் கடைக்குப் போனேன். மலையிலிருந்து வரும் கொட்டையை வாங்கி அவரே வறுத்து அரைத்து விற்கிறார். இருபது வருஷமாக அங்கேதான் வாங்குகிறேன்.

"ராவுத்தரே, இது என்னைக்கு வறுத்தது?"

"என்ன தங்கச்சி, புதுசா விசாரணயெல்லாம்?"

"என் மருமகன் என்னைய இன்ஸ்பெக்டராக்கிட்டான்."

அவருக்கு வேடிக்கை பிடிக்கும். இரண்டு டம்ளர் எடுத்தார். ஒன்றில் இன்று அரைத்த பொடி, இன்னொன்றில் மூலையில் கிடந்த போன மாதத்துப் பொடி. இரண்டிலும் வெந்நீர் ஊற்றினார். புதுப்பொடி தோசை மாவு மாதிரி உப்பி நுரைத்து மேலே வந்தது. பழசு சேறு மாதிரி உட்கார்ந்துவிட்டது.

"புதுசு மூச்சு விடும் தங்கச்சி. பழசு பொணம்."

வறுத்த சூட்டோடு மூடி வைக்கக் கூடாது என்பதையும் சொன்னார். உள்ளேயே வேர்த்துப் புழுங்கிவிடுமாம். தட்டில் பரப்பி, நன்றாக ஆறவிட்டு, மறுநாள் மூட வேண்டுமாம். இருபது வருஷமாக ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "ஆறுனதத்தான நான் உனக்குக் குடுத்தேன்" என்றார்.

வீட்டுக்கு வந்து என் பொடியில் வெந்நீர் ஊற்றிப் பார்த்தேன். கொஞ்சம் முனகியது, அவ்வளவுதான். பாட்டிலை எடுத்துவிட்டேன். சின்ன எவர்சில்வர் டப்பா, இறுக்கமான மூடி, காற்று நிற்க இடமில்லாமல் தலை வரைக்கும் கொட்டை, அரிசிப் பானைக்குப் பின்னால் இருட்டில். இனிமேல் தினம் நிஜமாகவே அரைப்பது என்று முடிவு.

செவ்வாய்க்கிழமையிலிருந்து.

ஜூன் 16, ஞாயிறு

அருள் வாங்கிய ஃப்ளாட் தயாராகிவிட்டது. அண்ணனும் மதினியும் கோயம்புத்தூர் போகிறார்கள். நாம் எல்லாரும் போகிறோம் என்று எழுத வந்தேன், பேனா தானாக இப்படி எழுதிவிட்டது.

அண்ணன் மின்சார ஆபீஸிலிருந்து போன வருஷம் ரிட்டயர். மதினி இந்திராணி டீச்சர் இந்த மே மாதத்தோடு. அவர் ஊரான் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தார், நான் அவர் பிள்ளைக்குச் சோறு ஊட்டினேன். ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். எனக்குத் தன் பிள்ளை இல்லாததால் பழமொழி பாதியில் நின்றுவிட்டது. என் வீட்டுக்காரர் கேரளாவுக்கு ஏலக்காய் பறிக்கப் போனார். பறித்தது ஏலக்காய் இல்லை, திரும்பியும் வரவில்லை. ஒரு டிரங்குப் பெட்டியோடு நான் இந்த வீட்டுக்கு வந்து இருபத்திரண்டு வருஷம்.

மதினி போனில் ஃப்ளாட் படம் காட்டினார்.

"இது எங்க ரூமு. இது அருளு ரூமு."

"அப்புறம்?"

"அப்புறம் ஹாலு."

"ஹாலு நல்லாப் பெருசா இருக்கே மதினி. நான் உருண்டு படுத்தாக்கூட செவத்துல இடிக்காது."

அண்ணன் சிரித்தார். மதினி போனை அணைத்துவிட்டு, "தவமணி, நீ காப்பி போடுற பக்குவத்த ஒரு தாள்ல எழுதிக் குடு. பெரிய எழுத்தா எழுது, எனக்குக் கண்ணாடி மாத்தணும்" என்றார்.

"நாந்தான கூட இருப்பேன், எழுத்து எதுக்கு மதினி?"

"எதுக்கும் இருக்கட்டும்."

எதுக்கும் இருக்கட்டும். மழைக்காலத்தில் மெழுகுவத்தி வாங்கும்போதும் அப்படித்தான் சொல்வோம்.

ஜூன் 18, செவ்வாய்

நிஜமாகவே அரைத்தேன். அண்ணன் இரண்டாவது டம்ளர் கேட்டார். இரண்டாவது டம்ளர் கேட்கிற மனுஷன் போட்டுக்கொடுக்கிற ஆளை விட்டுவிட்டுப் போவாரா?

ஜூலை 1, திங்கள்

மதினி மூன்று தடவை கேட்டுவிட்டார். எழுதினேன். டைரியில் முதலில் எழுதிப் பார்த்தேன்:

கொட்டை பாதி உருண்டை, பாதி தட்டை. நூறு கிராமுக்கு இருபது சிக்கரி. டப்பாவை அடுப்புப் பக்கம் வைக்காதீங்க, ஜன்னல் பக்கம் வைக்காதீங்க. ஃப்ரிட்ஜில் வைக்கவே வைக்காதீங்க. வெளியே எடுத்ததும் வேர்க்கும், பக்கத்தில் கருவாடு இருந்தால் காபியும் கருவாடாகிவிடும். ஈரக் கரண்டி கூடாது. டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு போனில் பேசக் கூடாது. ரவைக்கும் மாவுக்கும் நடுவில் இருக்கிற மாதிரி அரையுங்க. ஃபில்டரில் போட்டு அழுத்தாதீங்க, தட்டினால் போதும். வெந்நீரை ஓரத்திலிருந்து சுற்றி ஊற்றுங்க. உப்பினால் நல்ல பொடி. பால் பொங்கின உடனே இறக்குங்க. அண்ணனுக்குச் சீனி ஒன்றரை. ஒன்று போதும் என்பார், நம்பாதீங்க.

எழுதி முடித்துப் படித்துப் பார்த்தால் என் இரண்டு கையும் தாளில் கிடந்தது. முக்கால் பக்கம்கூட இல்லை.

ஜூலை 14, ஞாயிறு

வீட்டைப் பார்க்க ஆள் வந்தார்கள். பேங்க்கில் வேலை செய்கிறவரும் அவர் வீட்டுக்காரம்மாவும். விற்கப் போவதில்லை, வாடகைக்குத்தான். ஆடி வருகிறது, அதில் யாரும் வீடு மாற மாட்டார்கள். ஆவணியில் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். இந்தத் தடவை ஆடியை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

சாயங்காலக் காபியை அண்ணன் பின்பக்கம் கிணற்றடியில் நின்று குடித்தார். வழக்கமாக ஹாலில் குடிப்பார்.

"இந்தப் பின்னாடி ரூம் சும்மாதான கெடக்கு தவமணி."

"சும்மா எங்கண்ணே கெடக்கு? தேங்கா மட்டையும் ஒடஞ்ச கட்டிலும் குடியிருக்கு."

"இல்ல, வாடகைக்கு வர்றவங்கள மட்டும் நம்பி வீட்ட விட்டுட்டுப் போக முடியுமா? நம்ம ஆளு ஒருத்தர் இருக்கணும்ல."

"யாரு அந்த ஆளு?"

"உன்னத்தான் சொல்றேன்."

"அட, எனக்கு உத்தியோகமா! ஆர்டர் எங்கண்ணே?"

சிரித்தார். சிரிப்பு புரையேறி இருமலாகிவிட்டது. "கொஞ்ச நாளைக்குத்தான். அங்க எல்லாம் ஒரு நெலைக்கு வந்ததும்…" என்று சொல்லிக்கொண்டே டம்ளரைக் கிணற்றுத் திட்டில் வைத்தார். பாதிக் காபி அப்படியே இருந்தது. பால் சரியில்லை போல.

ஆகஸ்ட் 22, வியாழன்

கோயம்புத்தூரில் பால் காய்ச்சினார்கள். எங்கள் பக்கத்தில் புது வீட்டில் நாத்தனார்தான் பால் காய்ச்ச வேண்டும். நான் குளித்து, பட்டு கட்டி, தீப்பெட்டியோடு அடுப்படியில் நின்றேன்.

மதினி அவர் தங்கச்சியைக் கூப்பிட்டு, "நீ காய்ச்சு" என்றார். என்னிடம் மெதுவாக, "தப்பா நெனைக்காத தவமணி. உன் வீட்டுக்காரரு இருக்காரா இல்லையான்னே தெரியல. சொந்தபந்தம் நாலு பேரு வந்திருக்காங்க" என்றார்.

"இருந்தா நாளைக்குக் காய்ச்சுறேன், இல்லாட்டி நாளக்கழிச்சு காய்ச்சுறேன். இப்ப நல்ல நேரம் போயிறப் போவுது, அதப் பாருங்க" என்று தீப்பெட்டியைக் கொடுத்தேன். அண்ணன் பக்கத்தில்தான் நின்றார். மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல ஃபேன்.

அருள் புதிதாக வாங்கிய கொட்டை அரைக்கும் மிஷின் மேடை மேல் இருந்தது. பட்டனைத் தட்டினால் ஒரு டம்ளருக்கு மட்டும் அரைக்குமாம். உள்ளே கொட்டை இல்லாமல் ஓட்டினால் கெட்டுவிடும் என்றான். என் தொழிலுக்கு ஆகாத மிஷின்.

வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். இரண்டு ரூம், ஹால், துணி காயப்போடும் பால்கனி. ஹாலில் சோபா போட்டுவிட்டார்கள். உருள இடமில்லை.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

நாளைக் காலை லாரி. மதினி என்னோடு ராவுத்தர் கடைக்கு வந்தார். இதுவரைக்கும் வந்ததே இல்லை.

"அஞ்சு கிலோ குடுங்க. அங்க நம்மூர்க் கொட்டை கெடைக்காது. ஆறு மாசத்துக்கு ஆகட்டும்."

ராவுத்தர் என்னைப் பார்த்தார். "அஞ்சு கிலோவா டீச்சரம்மா? தங்கச்சிகிட்ட கேட்டீகளா?"

"அவளுக்கு என்ன தெரியும்? நூறு நூறா வாங்கியே பழகிட்டா. மொத்தமா வாங்குனாத்தான் குடும்பம் நடத்துறதுக்கு லாயக்கு."

நான் தராசுத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ராவுத்தர் இன்னும் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு வறுக்கப் போனார்.

மதியம் பை வந்தபோது காய்ச்சல் கண்ட பிள்ளையைத் தூக்கின மாதிரி இருந்தது. அவ்வளவு சூடு. ராவுத்தர் கடையாள், "ஆறவச்சு மூடச் சொன்னாரு" என்றான். மதினி உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தார். என்னிடம்தான் சொன்னான்.

மதினி பெரிய எவர்சில்வர் டிரம்மைக் கொண்டுவந்தார். "சூடா இருக்கே?" என்றார். அவரே, "சூடா இருந்தா நல்லதுதான், ஈரம் இருக்காது" என்றும் சொல்லிக்கொண்டார். கொட்டினார். மூடியை நான் அழுத்திப் பிடித்தேன். அவர் டேப்பைச் சுற்றி ஒட்டினார். மூன்று சுற்று.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

சாயங்காலம் அருள் போன் செய்தான். "அம்மா அஞ்சு கிலோ வாங்கிருக்காங்களாமே? நீதான அத்த பேக் பண்ணுன? அப்பச் சரி."

"மூடிய நாந்தான்டா அழுத்துனேன்" என்றேன். அது பொய் இல்லை.

ஆகஸ்ட் 28, புதன்

சாமானை ஏற்றிக்கொண்டு லாரி போய்விட்டது. பின்னாலேயே காரில் அண்ணனும் மதினியும். அண்ணன் புறப்படுமுன் மூன்று டம்ளர் காபி குடித்தார். மூன்றாவதுக்கு டிகாஷன் போதவில்லை, தண்ணீராக இருந்தது. அதையும் குடித்தார்.

மதினி பின்ரூம் சாவியை என் கையில் வைத்தார். வைத்துவிட்டு, "இனிமே அந்த வெறும் மிக்ஸிய ஓட்டிக்கிட்டுக் கெடக்காத" என்றார்.

"எப்பருந்து தெரியும் மதினி?"

"நான் முப்பது வருசம் டீச்சர் தவமணி. பின்பெஞ்சுல வெறும் வாய் அசைக்கிற பிள்ளையக்கூடக் கண்டுபிடிச்சிருவேன்."

"அண்ணன்கிட்ட சொல்லலையா?"

"சொன்னா அந்த வேலய நானுல்ல செய்யணும்."

கார் கிளம்பியது. ஏழு வருஷம் இந்த வீட்டில் என்னைச் சரியாகப் புரிந்துவைத்திருந்த ஒரே ஆள் அதில் முன் சீட்டில் உட்கார்ந்து போனார்.

ஃபில்டரையும் லாரியில் ஏற்றிவிட்டார்கள் என்பது மாலையில்தான் தெரிந்தது.

செப்டம்பர் 1, ஞாயிறு

பேங்க்காரர்கள் குடிவந்துவிட்டார்கள். நல்ல மனுஷர்கள். அந்தம்மா என்னை "ஆன்ட்டி" என்கிறது. வந்தவர்களுக்கு ஒரு காபி போட்டுக் கொடுக்கலாம் என்று கேட்டேன். இரண்டு பேரும் டீதானாம்.

ராவுத்தர் கடையில் ஐம்பது கிராம் கேட்டேன்.

"அம்பதா? என் மெஷினு கோவிச்சுக்கும் தங்கச்சி."

"அப்ப நூறு கொட்டைய எண்ணிக் குடுங்க. வீட்டுல வச்சு ஒண்ணொண்ணாக் கடிச்சுக்கிறேன்."

சிரிக்கவில்லை. பொட்டலம் மடித்துக்கொண்டே, "அந்த அஞ்சு கிலோவ ஏன் தடுக்கல?" என்றார்.

"டீச்சர எதுத்துப் பேசுனா முட்டி போடச் சொல்லுவாங்க ராவுத்தரே."

"நல்ல கொட்ட தங்கச்சி அது. நானே பொறுக்கி எடுத்தது. அது என்ன பாவம் பண்ணுச்சு?"

துணியில் வடிகட்டிக் குடித்தேன். ஐம்பது கிராமும் ஒரு ஆளுக்கு அதிகம்தான். தீருமுன் பழசாகிவிடுகிறது.

செப்டம்பர் 24, செவ்வாய்

அண்ணன் போன் செய்தார். முதல் தடவை. நான்கு வாரம்.

"தவமணி, காப்பி வெளங்கல. ஒரு மாதிரி எண்ண வாட அடிக்கிது. நீ எழுதிக் குடுத்தபடிதான் உங்க மதினி செய்றா. வெந்நி ஊத்துனா உப்பவே மாட்டேங்குது."

"மூச்சு விடலையாண்ணே?"

"துளிகூட விடல. அருளும் ஆபீஸ்லயே குடிச்சிட்டு வந்துர்றான். காலைல எந்திரிச்சா எனக்கு விடிஞ்ச மாதிரியே இல்ல."

எனக்கு உள்ளே உப்பியது. இதற்காகத்தான் அந்த மூடியை அழுத்தினேன் என்று இப்போது எழுதினால்தான் என்ன.

"அதான் யோசிச்சேன். நீ…" என்றார். பின்னால் மதினி குரல் கேட்டது. "பார்சல் போடச் சொல்லுங்க."

"நீ வாரா வாரம் கால் கிலோ அரைச்சு பஸ்ல போட்டு விட்டுரு. ஞாயித்துக்கெழம காலைல போட்டா பதினொன்னரைக்கு இங்க வந்துரும். நானே ஸ்டாண்டுக்கு வந்து வாங்கிக்கிறேன்."

கேட்டுவிட்டேன். "பொடி மட்டும் போதுமாண்ணே?"



"வேணும்னா ஒரு நூறு கிராம் சேத்துப் போடு" என்றார்.

செப்டம்பர் 29, ஞாயிறு

வறுத்தது: வெள்ளி. ஆறியது: சனி. அரைத்தது: இன்று காலை நாலரை. பஸ்: ஐந்தரை. பொட்டலத்தின் மேல் தேதி எழுதினேன். கீழே "தவமணி" என்று எழுதி, பிறகு அடித்துவிட்டேன். அவருக்குத் தெரியாதா?

அக்டோபர் 13, ஞாயிறு

மூன்றாவது பார்சல். "இப்பத்தான் வீடு வீடா இருக்கு" என்று அண்ணன் போனில் சொன்னார். வாரத்துக்கு முந்நூற்றைம்பது கிராம் நான் கோயம்புத்தூர் போகிறேன். இப்படியே போனால் என் எடைக்கு நான் முழுசாகப் போய்ச் சேர மூன்று வருஷம் ஆகும்.

நவம்பர் 2, சனி

தீபாவளிக்கு வருவார்கள் என்று முறுக்கு சுட்டு வைத்தேன். அருளுக்கு லீவு இல்லையாம். புடவை வந்தது, அதே பஸ்ஸில். கண்டக்டர் கொடுத்தார். நல்ல புடவை. மதினிக்குப் பிடித்த நிறம்.

முறுக்கைப் பேங்க்காரம்மாவுக்குக் கொடுத்தேன். டீயில் நனைத்துச் சாப்பிட்டது.

யோசித்துப் பார்த்தேன். அண்ணனால் முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல முடியாது. சின்ன வயசிலிருந்தே அப்படி. அதனால்தான் கிணற்றடி, அதனால்தான் போன். நேரில் போய் நின்று கேட்டுவிடுவது. சோபாவுக்குக் கீழே படுத்துக்கொள்கிறேன், பால்கனியிலும் படுத்துக்கொள்வேன். அந்த டிரம்மைப் பற்றியும் சொல்லிவிடுவது. திட்டட்டும். திட்டிவிட்டு வைத்துக்கொள்ளட்டும்.

அடுத்த ஞாயிறு.

நவம்பர் 11, திங்கள்

நேற்று எழுத முடியவில்லை, வந்து சேர நேரமாகிவிட்டது.

இரண்டு மாற்றுப்புடவையைப் பையில் வைத்துக்கொண்டு ஐந்தரை பஸ்ஸில் ஏறினேன். பொடியைக் கையிலேயே வைத்திருக்கலாம். பழக்கத்தில் கண்டக்டரிடம் நீட்டிவிட்டேன்.

"என்னக்கா, இன்னைக்கு நீங்களும் பார்சலா?"

"ஆமா. மேல தேதி எழுதல, அதான் குறை."

வழியெல்லாம் சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். பக்கத்து சீட்டு அம்மா வேறு சீட்டுக்கு மாறிப் போய்விட்டது.

பதினொன்று நாற்பதுக்குக் கோயம்புத்தூர். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அண்ணன் நிழலில் ஸ்கூட்டர் பக்கத்தில் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கொஞ்சம் இளைத்திருந்தார். கண்டக்டர் இறங்கிப் பொட்டலத்தைக் கொடுத்தார். அண்ணன் அதை வாங்கி மூக்கில் வைத்துக் கண்ணை மூடினார். நல்ல பொடிதான், முந்தாநாள் வறுத்தது.

கண்டக்டர் என்னவோ சொல்லி பஸ் பக்கம் கையைக் காட்டினார். அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். வரிசையாக ஜன்னல்களைப் பார்த்து என் ஜன்னலுக்கு வந்தார். ஒரு டம்ளர் காபி ஆற்றுகிற நேரம் பார்த்தார். நான் கையை ஆட்டினேன். அந்த நேரத்தில் கண்ணாடியில் வெயில் அடிக்கும், உள்ளே இருப்பது ஒன்றும் தெரியாது.

ஹெல்மெட்டை மாட்டினார். பொடியை ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைத்து மூடினார். பொடிக்கு அந்தச் சூடு ஆகாது, தாளில் எழுதியிருக்கிறேன். வண்டியை எடுத்தார்.

நான் எழுந்து ஓடினேன். நடுவில் ஒருவர் வெங்காய மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தார். தாண்டும்போது இடது கால் செருப்பு சீட்டுக்கு அடியில் மாட்டிக்கொண்டது. விட்டுவிட்டு இறங்கினேன். ஸ்கூட்டர் வாசலைத் தாண்டிவிட்டது.

"அவர்ட்ட சொன்னேனேக்கா, நீங்க வந்திருக்கீங்கன்னு" என்றார் கண்டக்டர்.

"அவருக்குக் காது கொஞ்சம் மந்தம்" என்றேன்.

அதற்குள் டிரைவர் பஸ்ஸை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போய்விட்டார். செருப்பும் போய்விட்டது. இதே பஸ் இரண்டு மணிக்குத் திரும்பப் போடிக்குப் போகும் என்றார்கள்.

விலாசம் பையில் இருந்தது. ஆட்டோக்காரர் ஒருவர் நான்கு தடவை வந்து கேட்டார். ஒற்றைச் செருப்போடு புது வீட்டுக்குப் போய் நிற்பது நன்றாக இருக்காது.

ஸ்டாண்டில் ஒரு காபி குடித்தேன். வறுத்து மூன்று மாதம் இருக்கும். அதைக் கடைக்காரரிடம் சொன்னேன். "அப்ப டீ குடிங்க" என்றார்.

ஒரு காலில் மட்டும் செருப்போடு உட்கார்ந்திருந்தால் எல்லாரும் பார்க்கிறார்கள். அதனால் வலது செருப்பையும் கழற்றிப் பெஞ்சுக்கு அடியில் வைத்தேன். இரண்டு மணிக்குப் பஸ் வந்தது. ஜன்னல் சீட்டுக்காக முந்தி ஏறினேன். இடது செருப்பு விட்ட இடத்திலேயே இருந்தது. எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

பொள்ளாச்சி தாண்டின பிறகுதான் பெஞ்சுக்கு அடியில் வைத்தது ஞாபகம் வந்தது.